கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன்: கோபன்ஹேகனின் பழைய வணிகர் பகுதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவது தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டை. அந்தக் கோட்டைக்குக் கப்பல் அனுப்பியவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், சரக்கை எங்கே இறக்கினார்கள், இலாபத்தை எதில் போட்டார்கள் என்பது நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவற்றுக்கான விடையில் பெரும்பகுதி கோபன்ஹேகன் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் உள்ள கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்னும் பகுதியில் கிடைக்கிறது. அதன் நானூறு ஆண்டு வரலாற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் சரியாக எங்கே இருக்கிறது?

கோபன்ஹேகன் நகரம் சீலாந்து தீவின் கிழக்குக் கரையில் உள்ளது. அதற்கு எதிரே, குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால், அமாகர் என்னும் தாழ்வான தீவு கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆழமற்ற சேற்றுக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலமே கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன். நாடாளுமன்றம் இருக்கும் ஸ்லாட்ஸ்ஹோல்மன் தீவிலிருந்து க்னிப்பல்ஸ் பாலத்தைக் கடந்தால் சில நிமிட நடையில் அங்கே சேர்ந்துவிடலாம்.

இதை உருவாக்கியவர் யார்? எதற்காக உருவாக்கினார்?

டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட நான்காம் கிறிஸ்டியன் மன்னர் (ஆட்சிக்காலம் 1588–1648) உருவாக்கினார். நகரம் கட்டுவதில் அவருக்கு இருந்த வேட்கைக்கு அளவில்லை. 1614இல் கிறிஸ்டியன்ஸ்டாட், 1617இல் க்ளுக்ஸ்டாட், 1624இல் தீக்கிரையான ஆஸ்லோவுக்குப் பதிலாகக் கிறிஸ்டியானியா என்று வரிசையாக ஊர்களை நிறுவினார். அந்த வரிசையில்தான் 1610களின் கடைசி ஆண்டுகளில் கிறிஸ்டியன்ஸ்ஹவ்னின் வேலை தொடங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனித்தால் காலம் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும். 1611 முதல் 1613 வரை சுவீடனுடன் நடந்த கல்மார் போரில் டென்மார்க் வென்று, எல்வ்ஸ்போர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஈடாகச் சுவீடனிடம் 10 லட்சம் ரிக்ஸ்டாலர் (அக்கால வெள்ளி நாணயம்) கேட்டது. அந்தத் தொகை 1619க்குள் தவணைகளில் வந்து சேர்ந்தது. அதோடு, பால்டிக் கடலுக்குள் போகும் ஒவ்வொரு கப்பலும் எல்சினோரில் செலுத்திய நீரிணை வரி மன்னரின் சொந்தக் கருவூலத்துக்கே வந்தது. கையில் ரொக்கம் இருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார் (1616), பங்குச்சந்தைக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார் (1619), துறைமுகத்துக்கு எதிரே வணிகர்களுக்கென ஒரு புதிய ஊரையும் தோண்டத் தொடங்கினார். மூன்றும் ஒரே திட்டத்தின் பகுதிகள். அக்காலத்தில் வட ஐரோப்பாவின் சரக்கு டச்சுக்காரர்களின் கப்பல்களிலேயே போய்வந்தது; அந்த இலாபத்தில் ஒரு பங்கைத் தன் தலைநகருக்கு இழுக்க வேண்டும் என்பதே மன்னரின் எண்ணம்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. அமாகர் பக்கத்திலிருந்து எதிரி வந்தால் துறைமுகம் திறந்தே கிடந்தது. ஆகவே புதிய ஊரைச் சுற்றி 1618 முதல் 1623 வரை மண் அரணும் ஐந்து கொத்தளங்களும் கட்டப்பட்டன. சிங்கம், யானை, சிறுத்தை, ஒற்றைக்கொம்புக் குதிரை என்று நான்கு கொத்தளங்களுக்கு விலங்குகளின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. 1659 பிப்ரவரியில் சுவீடன் படை கோபன்ஹேகனைத் தாக்கியபோது இந்த அரண்களுக்கு உண்மையாகவே வேலை வந்தது.

ஊரின் அமைப்பு ஏன் ஆம்ஸ்டர்டாமை நினைவூட்டுகிறது?

திட்டம் போட்டவர் ஒரு டச்சுக்காரர் என்பதால். யோஹான் செம்ப் என்ற பொறிஞர் 1617இல் வரைந்த முதல் வரைபடத்தில், நடுவிலிருந்து கதிர்களைப் போலத் தெருக்கள் விரியும் பலகோண வடிவ நகரம் இருந்தது. செலவு மிகுதி என்று அது கைவிடப்பட்டு, நேர்கோட்டுத் தெருக்களும் செவ்வக மனைகளும் நடுவில் ஒரு கால்வாயும் கொண்ட எளிய அமைப்பு ஏற்கப்பட்டது.

துறைமுகக் கரையை ஒட்டி ஓடுவது ஸ்ட்ராண்ட்கேடெ தெரு. அதற்கு இணையாக ஊரின் நடுவே கால்வாய் செல்கிறது. அதன் இரு கரைகளிலும் இரண்டு தெருக்கள். இவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாலத்திலிருந்து அமாகர் வாயில் வரை போகும் பெருவழி டோர்வகேடெ. 1521இல் இரண்டாம் கிறிஸ்டியன் மன்னர் அழைத்து வந்து அமாகரில் குடியேற்றிய டச்சு விவசாயிகளின் வழித்தோன்றல்கள், தலைநகரின் சந்தைக்கு இந்த வழியாகத்தான் காய்கறி கொண்டுவந்தார்கள். கால்வாய் இருந்ததால் சிறு படகுகள் வீட்டு வாசல்வரை வந்து சரக்கை இறக்க முடிந்தது. அதைத் தோண்டும்போது கிடைத்த மண் மனைகளை உயர்த்தப் பயன்பட்டது.

மன்னர் அழைத்ததும் வணிகர்கள் வந்துவிட்டார்களா?

வரவில்லை. இந்தப் பகுதியின் வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். வரிச்சலுகை தருவதாக மன்னர் அறிவித்தார். துறைமுகக் கரையில் இருந்த பெரிய மனைகள் செல்வந்தர்களுக்குக் கொடுக்கப்பட்டன. கோபன்ஹேகன் மேயர் மிக்கெல் விபெ போன்ற சிலர் 1620களில் நல்ல வீடுகளைக் கட்டினார்கள். விபெயின் வீடு ஸ்ட்ராண்ட்கேடெ தெருவில் இன்றும் நிற்கிறது. ஆனால் மனை வாங்கியவரே தம் பங்குச் சேற்றைத் தூர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலும் 1625இல் மன்னர் முப்பதாண்டுப் போரில் இறங்கி, அடுத்த ஆண்டே லுட்டர் என்னும் இடத்தில் படுதோல்வி அடைந்தார். சுவீடன் கொடுத்த பணமும் அதற்கு மேலும் கரைந்தன. கருவூலம் காலியான நாட்டில் புதிய ஊருக்கு யார் குடிவருவார்கள்?

ஆனாலும் 1639இல் கிறிஸ்டியன்ஸ்ஹவ்னுக்குத் தனி வணிக நகரம் என்ற தகுதி தரப்பட்டது. அதற்கென நகரமன்றமும் சலுகைகளும் இருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் பன்மடங்கு பெரிய நகரம் இருக்க, இந்தப் பக்கம் ஒரு சிறு நகரம் தனித்து நிலைக்க முடியவில்லை. 1674இல் அது கோபன்ஹேகனுடன் இணைக்கப்பட்டது. கால்வாயும் கரையும் ஆயத்தமாக இருந்தும், அவற்றை நிரப்பும் அளவுக்கு வணிகம் வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தரங்கம்பாடிக்கும் இந்தப் பகுதிக்கும் என்ன தொடர்பு?

இரண்டும் ஒரே மன்னரின் முயற்சிகள். ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் பிறந்தவை. 1618இல் ஓவெ யெட்டெ என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டன. முதலில் அவர்கள் குறிவைத்தது இலங்கையை. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்த ஒரு டச்சுக்காரரின் வாக்கை நம்பித்தான் பயணமே ஏற்பாடாயிற்று. அவரோ வழியிலேயே இறந்துபோனார். 1620இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவர் கொடுத்திருந்த வாக்குறுதிகளைக் கண்டி அரசர் ஏற்கவில்லை. முன்னதாக அனுப்பப்பட்டிருந்த ரோலண்ட் க்ராப்பெயின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் மூழ்கடித்துவிட, தப்பிப் பிழைத்த அவர் தஞ்சை அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் பேச்சு நடந்து, 1620 நவம்பர் 19 அன்று ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் கையெழுத்தாகித் தரங்கம்பாடி டேனியரிடம் வந்தது.

நாயக்கர் டேனிய மன்னருக்கு அனுப்பிய மடல் பனையோலை வடிவில் அமைந்த தங்கத் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. அது கோபன்ஹேகனில் உள்ள டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. டேனியக் கடல் கடந்த வணிகக் கம்பெனிகளின் ஆவணத் தொகுப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

முதல் கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை. 1639இல், அதாவது கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் தனி நகரமான அதே ஆண்டில், வில்லெம் லேயல் என்பவர் ஒரு கப்பலில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டார். அந்தக் கப்பலுக்கும் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்றே பெயர். கேனரித் தீவுகளில் அது தடுத்து நிறுத்தப்பட்டதால் 1643இல்தான் அவரால் போய்ச் சேர முடிந்தது. அதன் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கம்பெனியே 1650இல் கலைக்கப்பட்டுவிட்டது. கோட்டையில் கடைசியாக எஞ்சியிருந்த டேனியரான எஸ்கில் காங்ஸ்பாக்கெ உள்ளூர் மக்களின் துணையோடு அதைக் காத்துவந்தார். கோபன்ஹேகனில் காலி மனைகளும் சோழமண்டலக் கரையில் கைவிடப்பட்ட கோட்டையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்: திட்டம் பெரிதாக இருந்தது, அதைத் தாங்கும் மூலதனம் இல்லை. 1670இல் தொடங்கிய இரண்டாவது கம்பெனி 1729 வரை நடந்தது. கிறிஸ்தவ மறைபணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது அந்தக் காலத்தில்தான்.

பிறகு வணிகம் எப்படிச் செழித்தது?

1730இல் உருவாகி, 1732இல் மன்னரின் சாசனம் பெற்ற ஆசியக் கம்பெனி எல்லாவற்றையும் மாற்றியது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே நடக்கும் டேனிய வணிகம் முழுவதற்கும் அதற்கு 40 ஆண்டு ஏகபோக உரிமை தரப்பட்டது. அதன் தலைமையகம் கிறிஸ்டியன்ஸ்ஹவ்னிலேயே, ஸ்ட்ராண்ட்கேடெ தெருவில், ஃபிலிப் டி லாங்கெயின் வடிவமைப்பில் 1738இல் எழுந்தது. பக்கத்திலேயே 1750இல் நிக்கோலாய் ஐக்ட்வெட் வடிவமைத்த பெரிய பண்டகசாலை முடிந்தது. அருகில் 1739இல் டென்மார்க்கின் முதல் உலர்துறையும் செயல்படத் தொடங்கியது. கப்பலை உள்ளே விட்டு, நீரை வெளியேற்றி, அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு அது. நிறுவனம், கிடங்கு, கப்பல் பழுதுபார்ப்பு மூன்றும் கூப்பிடு தொலைவுக்குள் வந்தன.

வெளியே போன கப்பல்களில் பெரும்பாலும் வெள்ளி போயிற்று. டென்மார்க்கில் விளைந்த பொருள்களுக்கு ஆசியச் சந்தைகளில் தேவை இல்லை. சீனத்துக் காண்டன் துறைமுக வணிகரும் சோழமண்டல வணிகரும் வெள்ளியைத்தான் கேட்டார்கள். திரும்பி வந்தவை காண்டனிலிருந்து தேயிலை, பீங்கான், பட்டு. தரங்கம்பாடியிலிருந்து பருத்தித் துணி, மிளகு. கோபன்ஹேகனில் சரக்கு இறங்கியதும் ஏலம் விடப்பட்டது. அந்தத் தேயிலையில் பெரும்பகுதி டென்மார்க்கில் குடிக்கப்படவே இல்லை. இங்கிலாந்தில் தேயிலைக்கு 119 விழுக்காடு வரை வரி இருந்ததால், ஐரோப்பியக் கரையில் ஏலம் போன தேயிலையைக் கள்ளக் கடத்தல்காரர்கள் இரவோடு இரவாக ஆங்கிலக் கரையில் இறக்கினார்கள். ஸ்ட்ராண்ட்கேடெயின் செல்வத்தில் கணிசமான பங்கு லண்டனில் போடப்பட்ட ஒரு வரியால் விளைந்தது. 1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் அந்த ஊற்று வற்றியது.

அமெரிக்க விடுதலைப் போரின்போதும் அதன் பின் பிரான்சும் பிரிட்டனும் மோதிய ஆண்டுகளிலும் டென்மார்க் நடுநிலை வகித்தது. போரிடும் நாடுகளின் சரக்குகள் டேனியக் கொடியின் கீழ்ப் பயணம் செய்தன. 1772இல் இந்திய வணிகம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதால் இந்த இலாபத்தில் தனி வணிகர்களும் பங்கு பெற்றார்கள். கம்பெனியிடம் எவ்வளவு பணம் புழங்கியது என்பதற்கு ஒரு சான்று போதும்: அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கத்தின் நடுவே நிற்கும் ஐந்தாம் ஃபிரெடரிக் மன்னரின் குதிரைச் சிலைக்கு முழுச் செலவும் ஆசியக் கம்பெனியுடையது. பிரெஞ்சுச் சிற்பி ஜாக் சாலி உருவாக்கிய அந்தச் சிலை 1771இல் திறக்கப்பட்டது.

ஒரு வணிகரின் வீடு எப்படி இருந்தது?

தெருவில் நின்று பார்ப்பவருக்குச் செங்கல் முகப்பும் வரிசையான சன்னல்களும் மட்டுமே தெரியும். வண்டி நுழையும் அளவுக்கு அகன்ற வாயில் ஒன்று இருக்கும். அதன் வழியே போனால் கல் பாவிய முற்றம். முற்றத்தின் இரு பக்கங்களிலும் மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல் அடைத்துக் கட்டிய ஒடுங்கிய பக்கக் கட்டடங்கள். எழுத்தர்களும் வேலையாட்களும் இருந்தது அங்கே. முற்றத்தின் பின்கோடியில், தண்ணீரைப் பார்த்தபடி, கிடங்கு. அதன் உச்சியில் கூரை முகட்டிலிருந்து ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் கப்பி மாட்டி, படகிலிருந்து மூட்டையை நேராக மேல்தளத்துக்கு ஏற்றுவார்கள். தளத்துக்குத் தளம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பெரிய மரக்கதவுகள் அதற்காகவே வைக்கப்பட்டவை. குடும்பம் முன்கட்டின் மேல்தளத்தில், தெருவைப் பார்த்த அறைகளில் வாழ்ந்தது. வீடு, அலுவலகம், கிடங்கு மூன்றும் ஒரே மனைக்குள் அடங்கிய இந்த அமைப்பைக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அந்த வீடுகளின் உள்ளறை ஒளியை அறிய ஒரு வழி இருக்கிறது. ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1898 முதல் 1909 வரை ஸ்ட்ராண்ட்கேடெ 30ஆம் எண் வீட்டில் குடியிருந்து, அதன் வெறுமையான அறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 17ஆம் நூற்றாண்டு வணிகர் வீட்டின் கதவுகளும் பலகைச் சுவர்களும் உயரமான சன்னல்களும் அந்த ஓவியங்களில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றன. பின்னர் 1913 முதல் 1916இல் இறக்கும் வரை, எதிர்ப்புறம் இருந்த பழைய ஆசியக் கம்பெனிக் கட்டடத்தில் அவர் வாழ்ந்தார்.

அடிமை வணிகத்தில் கோபன்ஹேகன் வணிகர்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதியின் செழிப்பைப் பேசுவது நேர்மையாகாது. 1671இல் டேனிய மேற்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. கரீபியனில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகளைத் தொடர்ந்து 1733இல் செயின்ட் க்ராய் தீவைப் பிரான்சிடமிருந்து வாங்கியது. ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையில் இருந்த டேனியக் கோட்டைகளிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். டேனியக் கப்பல்களில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுடைய உழைப்பில் விளைந்த கச்சாச் சர்க்கரை கோபன்ஹேகனின் சுத்திகரிப்பு ஆலைகளில் வெள்ளையாக்கப்பட்டு விற்பனைக்குப் போனது.

அடிமைகளைக் கப்பலில் கொண்டுசெல்வதைத் தடைசெய்யும் ஆணையை டென்மார்க் 1792இல் பிறப்பித்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்ட முதலாளிகள் முடிந்தவரை ஆட்களைச் சேர்த்துக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல், அதுவும் செயின்ட் க்ராய் தீவில் அடிமைகள் திரண்டெழுந்த பிறகு. 1917இல் அந்தத் தீவுகள் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்கப்பட்டன.

அங்கே வணிகர்கள் மட்டும்தான் வாழ்ந்தார்களா?

இல்லை. துறைமுகக் கரையில் செல்வந்தர்கள் இருந்தார்கள். கால்வாய்க்கு அப்பால், அரணை ஒட்டிய சந்துகளில் மாலுமிகள், தச்சர்கள், கயிறு திரிப்போர், சுமைதூக்குவோர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில், 17ஆம் நூற்றாண்டிலிருந்தே, சிறைச்சாலை ஒன்று இருந்தது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் சாயத்துக்காகப் பிரேசில் மரத்தை அரத்தால் ராவித் தூளாக்கினார்கள். பிற்காலத்தில் பெண்கள் சிறையாக இருந்த அந்தக் கட்டடம் 1928இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடிட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

சுருள் படிக்கட்டுக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை உண்மையா?

உண்மையல்ல. மீட்பர் தேவாலயம் எனப்படும் அந்தக் கோயிலை லாம்பெர்ட் வான் ஹாவென் வடிவமைத்தார். 1682 முதல் 1696 வரை கட்டினார்கள். கோபுரத்தின் மேற்பகுதி லௌரிட்ஸ் டி துராவின் வேலை; 1752இல் முடிந்தது. கோபுரத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு படிகள் ஏறுகின்றன. மொத்தம் 400 படிகளில் கடைசி 150 திறந்தவெளியில் உள்ளன. படிக்கட்டு தவறான திசையில் சுற்றுவதைக் கண்டு மனமுடைந்த கட்டடக் கலைஞர் உச்சியிலிருந்து குதித்து இறந்தார் என்பது கதை. டி துரா 1759 வரை உயிரோடு இருந்தார்.

கதையைவிட நல்ல செய்தி உள்ளே இருக்கிறது. 1698 முதல் 1700 வரை செய்யப்பட்ட பெரிய குழாய் ஆர்கன் மேற்குச் சுவரில் மூன்று தளத்து உயரத்துக்கு நிற்கிறது. அதைச் செதுக்கப்பட்ட இரண்டு யானைகள் தாங்குவதுபோல் அமைத்திருக்கிறார்கள். டேனிய அரச குடும்பத்தின் உயரிய விருதின் சின்னம் யானை என்பதே காரணம். தெற்கே இருக்கும் கிறிஸ்டியன் தேவாலயம் வேறு வகை. ஜெர்மன் மொழி பேசிய சபையாருக்காக ஐக்ட்வெட் வடிவமைத்து, அவர் இறந்த பின் அவருடைய மருமகன் 1759இல் முடித்தது. செலவுக்கு லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். உள்ளே நாடக அரங்கைப் போல மூன்று பக்கமும் மாடங்கள் இருக்கின்றன.

கோபன்ஹேகனின் மற்ற பகுதிகளில் இல்லாத பழைய வீடுகள் இங்கே எப்படி மிஞ்சின?

முதல் காரணம் தண்ணீர். 1728 அக்டோபரில் பிடித்த தீ ஏறத்தாழ 1,600 வீடுகளை எரித்தது. நகரின் கால்பகுதிக்கு மேல் அழிந்தது. 1795 ஜூனில் மற்றொரு தீ 900க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டுபோயிற்று. இரண்டுமே துறைமுகத்தைத் தாண்டவில்லை. 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மூன்று இரவுகள் தொடர்ந்து குண்டு வீசியபோதும் பெருஞ்சேதம் எதிர்க்கரையின் வடபகுதிக்கே.

இரண்டாவது காரணம் வறுமை. 19ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் வெளியேறிய பிறகு, இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு இங்கே யாரிடமும் பணம் இல்லை. பழைய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. குடியிருந்தவர்களுக்கு அது கொடிய வாழ்க்கை. கட்டடங்களுக்கு அதுவே காப்பாக அமைந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பாதுகாப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருந்தது.

வணிகக் காலம் எப்போது முடிந்தது?

1807இல் பிரிட்டன் டேனியக் கடற்படை முழுவதையும் பறித்துக்கொண்டு போனதோடு நடுநிலை வணிகம் ஒழிந்தது. 1813இல் டேனிய அரசு திவாலானது. 1814இல் நார்வே கைவிட்டுப் போயிற்று. 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடியும் பிரிட்டிஷார் வசம் இருந்தது. ஆசியக் கம்பெனி தள்ளாடித் தள்ளாடி 1843இல் கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845இல், தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்கப்பட்டன.

கிரீன்லாந்து வணிகம் மட்டும் நீடித்தது. 1767இல் கட்டி முடித்த ஒரு பண்டகசாலையில் திமிங்கில எண்ணெயும் தோலும் உலர் மீனும் இரண்டு நூற்றாண்டுகள் வந்து குவிந்தன. 2003 முதல் அந்தக் கட்டடம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளின் பண்பாட்டு மையமாக உள்ளது.

அதன் பிறகு?

இயந்திரங்கள் வந்தன. பின்னாளில் பர்மைஸ்டர் அண்டு வெய்ன் என்று பெயர்பெற்ற பட்டறை 1840களில் கிறிஸ்டியன்ஸ்ஹவ்னுக்கு இடம்பெயர்ந்து, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் தொழிற்சாலையாக வளர்ந்தது. டீசல் இயந்திரத்தில் கடல் கடந்த முதல் பெரிய கப்பல்களில் ஒன்றான செலாண்டியா அதன் தயாரிப்பு. 1912இல் அது பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. கப்பல் கட்டும் தளம் 1996இல் மூடப்பட்டது.

கிறிஸ்டியானியாவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆஸ்லோவுக்குப் பதிலாக எழுந்த, மேலே சொன்ன நகரமும் அல்ல. இந்தக் கிறிஸ்டியானியா, கிறிஸ்டியன்ஸ்ஹவ்னின் கிழக்கு ஓரத்தில், பழைய அரணையும் கைவிடப்பட்ட படைமுகாமையும் உள்ளடக்கிய 34 ஹெக்டேர் இடம். 1971இல் இளைஞர்கள் வேலியைப் பிரித்து உள்ளே குடியேறித் தனிச் சமூகமாக அறிவித்துக்கொண்டார்கள். 2012இல் குடியிருப்போரின் அறக்கட்டளை அந்த இடத்தில் பெரும்பகுதியை அரசிடமிருந்து வாங்கத் தொடங்கியது. போதைப்பொருள் விற்பனைக்குப் பெயர்போன தெருவை 2024 ஏப்ரலில் குடியிருப்பவர்களே தோண்டி எடுத்தார்கள்.

எரிந்துபோன பங்குச்சந்தைக் கட்டடம் இந்தப் பகுதியில்தான் இருந்ததா?

பாலத்தின் மறுமுனையில், ஸ்லாட்ஸ்ஹோல்மனில். ஆனால் வணிக வாழ்க்கையில் இரண்டும் பிரிக்க முடியாதவை: கிறிஸ்டியன்ஸ்ஹவ்னில் இறங்கிய சரக்குக்கு விலை பேசும் இடமாக அது இருந்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கியதுபோன்ற அதன் 56 மீட்டர் கோபுரம் நகரின் அடையாளமாக இருந்தது. சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது 2024 ஏப்ரல் 16 அன்று பிடித்த தீயில் அந்தக் கோபுரம் சரிந்தது. கட்டடத்தின் பாதிக்குமேல் அழிந்தது. உள்ளே இருந்த ஓவியங்களில் பலவற்றை வழியில் போனவர்களும் ஊழியர்களும் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். பழைய வடிவிலேயே திரும்பக் கட்டுவதென முடிவாகியுள்ளது.

நேரில் போகிறவர்கள் எதைப் பார்க்கலாம்?

2002 முதல் சந்தைச் சதுக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருப்பதால் போவது எளிது. கால்வாய்க் கரையில் தெற்கே நடந்து, கண்ணுக்கு ஒரு சிறு கப்பற்கூட்டம்போலத் தெரியும் வட்டப் பாலத்தை (ஓலாஃபுர் எலியாசன் வடிவமைத்து 2015இல் திறக்கப்பட்டது) பார்த்துவிட்டு, ஸ்ட்ராண்ட்கேடெக்குத் திரும்பினால் பழைய வணிகர் வீடுகள் வரிசையாக வரும். ஆசியக் கம்பெனியின் கட்டடங்கள் இருக்கும் சதுக்கத்தில் 1980 முதல் டேனிய வெளியுறவு அமைச்சகம் செயல்படுகிறது. ஐக்ட்வெட்டின் பண்டகசாலை அதன் மாநாட்டு அரங்கம். உள்ளே போக வழக்கமாக அனுமதி இல்லை. தெருவில் நின்றும், தண்ணீர்ப் பக்கத்தில் சுற்றுலாப் படகிலிருந்தும் பார்க்கலாம். நேரம் குறைவாக இருந்தால் தேவாலயக் கோபுரத்தை விட்டுவிட்டு ஸ்ட்ராண்ட்கேடெயில் நடப்பதையே நான் பரிந்துரைப்பேன்.